மோப்பம் வாத்தியார் வீட்டில் கிடைத்த பிட்டுகள்

அவர் ஓவிய வாத்தியார். ஓவியத்துக்குப் பெரிய தேர்வு கிடையாது, கட்டுக்கட்டாகத் திருத்த விடைத்தாளும் கிடையாது. அதனால் பள்ளியில் எந்த வகுப்புக்குத் தேர்வு வந்தாலும், "டிராயிங் சார் சும்மாதானே இருக்கார்" என்று அவரைக் கூப்பிட்டு அறைக் காவலுக்கு நிறுத்திவிடுவார்கள். முதலில் அது அவருக்கு அவமானமாக இருந்தது. வரையக் கற்றுக்கொடுக்க வந்தேனா, தூண் மாதிரி நிற்க வந்தேனா என்று மனைவியிடம் புலம்பியிருக்கிறார். பிறகு ஒரு நாள், கடைசி பெஞ்சில் ஒருவன் தாகமே இல்லாமல் தண்ணீர் பாட்டிலை உருட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அருகே போய் பாட்டிலின் லேபிளைப் பிரித்தார். உள்பக்கம் ஒரு பாடமே இருந்தது. தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும் முதுகில் தட்டிக்கொடுத்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதன்பின் அவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் யாரும் இல்லை. பேனாவுக்குள் சுருட்டி வைத்தது, கைக்கடிகார வாருக்கு அடியில் செருகியது, ஷூவுக்குள் மடித்தது, அளவுகோலில் ஊசியால் கீறியது என்று எல்லாவற்றையும் கையும் களவுமாகப் பிடித்தார். ரப்பர் அடி வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு பூனை மாதிரி பின்னால் வந்து நிற்பார். பிள்ளைகள் வைத்த பெயர் மோப்பம். வாத்தியார்கள் அறையிலும் அந்தப் பெயர் புழங்கியது. அவருக்கு அது தெரியும். கோபம் வரவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். பிடித்த பிட்டுகளையெல்லாம் பள்ளியில் தன் அலமாரியிலேயே சேர்த்து வைத்திருந்தார். புதிதாக யாராவது காவலுக்கு வந்தால் அலமாரியைத் திறந்து காட்டிப் பாடம் நடத்துவார்.

பாடம் எளிமையானதுதான். "பிட் வச்சிருக்கிறவன் கீழ பார்ப்பான், உடனே நம்மளப் பார்ப்பான். படிச்சவன் யோசிக்கிறப்போ கூரையப் பார்ப்பான். கூரையப் பார்க்கிறவன விட்டுருங்க. நீங்க கிட்ட போறப்போ எவன் கைய வச்சுத் தாள மூடுறானோ, அவன்கிட்டதான் சரக்கு இருக்கு." சில பிள்ளைகள் அவர் வரும்போது தாளை மூடுவார்கள், எழுப்பிச் சோதித்தால் ஒன்றுமே இருக்காது. அவர்களை நிரபராதிகள் என்று அவர் நினைத்ததில்லை. தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தார்.

தொழிலை வாசலிலேயே கழற்றிவைத்துவிட்டு வீட்டுக்குள் வருகிறவர்கள் உண்டு. இவர் அந்த ரகம் இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பார். மாடிவீட்டுக்காரர் நம் மோட்டாரில் தண்ணீர் ஏற்றுகிறார் என்பார். கடிகாரக் கடைக்காரன் நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு பழசைப் போட்டுவிட்டான் என்பார். பேட்டரி புதிதாகத்தான் இருக்கும். மனைவி பழகிப்போனவள். "உங்க மூக்குக்கு ஒரு நாள் லீவு கொடுங்களேன்" என்பாள், அவ்வளவுதான்.

அவள் மருந்துக்கடையில் கவுண்டரில் நின்றாள். எந்த மாத்திரை அட்டை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே எடுப்பாள். ஆனால் மருந்தாளர் என்ற தகுதி இல்லாததால், எடுத்துக் கொடுக்கலாமே தவிர எடுத்துச் சொல்லக் கூடாது. முதலாளி சொல்லிவிட்டார்: "பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டு வாம்மா, உன்னையே பொறுப்புல வைக்கிறேன். இல்லன்னா நான் வேற ஆள் பார்க்கணும், சட்டம் அப்படி." வேறு ஆள் வந்தால் கவுண்டரில் இவளுக்கு இடம் இருக்காது. அவளும் போன வருஷம் தேர்வு எழுதினாள். எழுதுவதற்கு முன் மாதக்கணக்கில் படித்தாள். பாடப்புத்தகம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ் என்று கோடு போட்டாள். சமையல்கட்டில் புத்தகம், படுக்கையில் புத்தகம். ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும்போது, இதுதான் தெரியுமே என்றிருந்தது. தேர்வு அறையில் கேள்வியைப் பார்த்ததும், பக்கத்தின் ரோஸ் கோடுதான் ஞாபகம் வந்தது, கோட்டின் மேல் இருந்த எழுத்து வரவில்லை. ஃபெயில்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அவளுடைய அண்ணன் வந்திருந்தபோது வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உன் தங்கச்சி படிச்சான்னா புத்தகம்தான் வர்ணம் பூசிக்கும்." ஓவிய வாத்தியார் சொல்கிற ஜோக். அண்ணனும் சிரித்தார். அவளும் சிரித்தாள். இவர் அதை அன்றே மறந்துவிட்டார்.

இந்த வருஷம் அவள் சாயங்கால வகுப்பு ஒன்றில் சேர்ந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள். இந்த முறை எல்லாமே வேறு மாதிரி இருந்தது. அதுதான் மோப்பத்துக்கு மூக்கு வியர்க்கக் காரணம்.

முதலில், புத்தகம் மூடியே இருந்தது. அவர் எப்போது அறைக்குள் போனாலும், அவள் முன்னால் மூடிய புத்தகம், அவள் பார்வை சுவரில். உதடு மட்டும் அசையும். இவரைப் பார்த்ததும் உதடும் நின்றுவிடும். "என்ன படிக்கிற?" என்றால் "படிக்கிறேன்" என்பாள். படிக்கிறவள் புத்தகத்தைத் திறந்தல்லவா வைத்திருக்க வேண்டும்! போன வருஷம் அரை நாள் குனிந்தே இருந்தவள், இந்த வருஷம் கொஞ்ச நேரம் உட்காருகிறாள், எழுந்து துணி மடிக்கிறாள், மறுபடி உட்காருகிறாள், ராத்திரி அவருக்கும் முன்னால் தூங்கப் போய்விடுகிறாள். ஃபெயிலானவளுக்கு இவ்வளவு நிம்மதி எங்கிருந்து வருகிறது?

அடுத்து, வீட்டில் அவர் வைத்திருந்த கெட்டி ஓவியத்தாள் குறைந்தது. குப்பைக்கூடையில் அதன் ஓரங்கள் நீளநீளமாகக் கிடந்தன. ஓவிய வாத்தியாருக்கு வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே வெட்டப்பட்டதன் அளவு தெரியும். தீப்பெட்டி அளவு. அதோடு, அவருடைய மெல்லிய முனைப் பேனாவின் முனை தேய்ந்திருந்தது. பொடி எழுத்து எழுதத்தான் அந்தப் பேனா. அவர் பேனாவை விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

அப்புறம் ஒரு காலையில் அடுப்படி வாசலில் நின்று நேரிலேயே பார்த்துவிட்டார். அவள் ஒரு கையால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டு, மறு கையால் இடுப்பிலிருந்து சிறிய தாள் ஒன்றை எடுத்தாள். பார்த்தாள். உள்ளங்கையில் கவிழ்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பிறகு தாளைப் புரட்டிப் பார்த்து, "சே" என்று தலையில் தட்டிக்கொண்டு திரும்ப இடுப்பில் செருகினாள். எடுப்பு, மறைப்பு, செருகல் என்று ஒவ்வொன்றாக அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அறை அறையாகப் பார்த்த அதே கைகள், இப்போது தன் வீட்டு அடுப்படியில். அவள் கூரையைப் பார்த்ததையும் அவர் கண் பார்த்தது. புத்திதான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தேகம் வந்தவனுக்கு வேண்டியது மட்டும்தான் தெரியும்.

அன்று அவள் கடைக்குப் போனதும் வீட்டைச் சல்லடை போட்டார். அலமாரிக்கு மேலே, பழைய போர்வைக்குப் பின்னால், மூன்று டப்பாக்கள் கிடைத்தன. ஒரு செருப்புப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு பிஸ்கட் டப்பா. எல்லாவற்றிலும் தீப்பெட்டி அளவுத் தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டு. பிஸ்கட் டப்பாதான் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, அதிகம் திறந்து மூடித் தகரம் பளபளத்தது. திறந்தார். பொடி எழுத்தில் விடைகள். 'குளிர்பெட்டியில், உறையவிடக் கூடாது.' 'வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குத் தரக் கூடாது.' தாளின் மூலையில் சிவப்புப் புள்ளிகள். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் நிறைய. எதை எங்கே ஒளிப்பது என்பதற்கான அடையாளம் என்று உடனே புரிந்துகொண்டார். தாளின் மறுபக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுதியிருந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டார்.

அவருக்கு ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகம். பிடிபட்டால் சில வருஷங்களுக்குத் தேர்வே எழுத முடியாது. கடை வேலை போகும். அவள் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும். அதைவிட, மோப்பத்தின் பெண்டாட்டி பிட்டோடு மாட்டினாள் என்று வாத்தியார்கள் அறையில் டீ குடித்துக்கொண்டே சிரிப்பார்கள். நேரே கேட்டிருக்கலாம். "இது என்னம்மா?" என்று இரண்டு வார்த்தை. ஆனால் அவர் தொழிலில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் விழுங்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பிஸ்கட் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய், தன் அலமாரியில் மற்ற பிட்டுகளோடு வைத்துப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு. டப்பா இல்லையென்றால் குற்றமும் இல்லை. அவளும் தப்பித்தாள், நானும் தப்பித்தேன் என்று அன்று மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலை அவள் அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறிப் போர்வையை உதறினாள்.

"என்னங்க, இங்க ஒரு பிஸ்கட் டப்பா இருந்துச்சே, பார்த்தீங்களா?"

அவர் செய்தித்தாளை மடித்தார். இந்தக் கணத்துக்கான குரல் அவரிடம் தயாராக இருந்தது, பிள்ளைகளிடம் பேசும் குரல். "நான்தான் எடுத்தேன். எதுக்குன்னு உனக்கே தெரியும்."

"எதுக்கு?"

"பிட் அடிச்சு பாஸ் பண்ற நிலைமை என் வீட்டுக்கு வர வேண்டாம். இதோட விட்டுரு. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் ஸ்டூலில் நின்றபடியே அவரைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். வாய்விட்டு, ஸ்டூல் ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள். அப்புறம் அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். மெதுவாக இறங்கி, செருப்புப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"ஒண்ணு எடுங்க. எழுதியிருக்கிற கேள்வியக் கேளுங்க."

அவர் எடுத்தார், கேட்டார். அவள் சொன்னாள். புரட்டிப் பார்த்தார். சரி. இன்னொன்று. அதுவும் சரி. நடுவிலிருந்து, அடியிலிருந்து உருவினார். எல்லாம் சரி.

"சாயங்கால கிளாஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. "படிச்சுக்கிட்டே இருந்தா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும், மூடி வச்சுட்டுக் கேட்டாத்தான் தெரியாதது தெரியும்னாங்க. தெரிஞ்சது செருப்புப் பெட்டி, வாரத்துக்கு ஒரு தடவ பார்த்தாப் போதும். அரைகுறையா தெரிஞ்சது அந்த பிளாஸ்டிக் டப்பா. தப்பா சொல்லிச் சொல்லி மண்டையில ஏறாதது எல்லாம் பிஸ்கட் டப்பா, அதை தினம் பார்க்கணும். ஒவ்வொரு தடவ தப்பு பண்ணும்போதும் ஒரு சிவப்புப் புள்ளி. தெரிஞ்சத விட்டுட்டு, தெரியாதத மட்டும் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்கீங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் அவர். சொன்னபோதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக ஒலித்தது என்று அவருக்கே தெரிந்தது.

"தப்பு தப்பா சொல்றத உங்க முன்னால வேற சொல்லணுமா? போன வருஷம் அண்ணன் முன்னால சொன்னீங்களே, புத்தகம்தான் வர்ணம் பூசிக்கும்னு. இந்த வருஷம் நான் தப்பு பண்றது என்னோட இருக்கட்டும்னு நினைச்சேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். ஆனால் அந்தப் பள்ளியும் ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு தேர்வுக்கு மையம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கதவுகளுக்கு முத்திரை வைத்தாகிவிட்டது. காவலாளி கேட்டைத் திறக்கவில்லை.

"சார், யாரு வந்தாலும் விடாதன்னு நீங்கதான சொன்னீங்க? நானே வந்தாலும் விடாதன்னு சொன்னீங்க. என் முன்னாடி நின்னு சொன்னீங்க."

"ஒரு டப்பா எடுக்கணும்ப்பா. ரெண்டு நிமிஷம்."

"டப்பால என்ன சார்?"

மோப்பம் வாத்தியார் வாயைத் திறந்தார். தேர்வுக்கு முந்தின நாள், முத்திரை வைத்த கட்டடத்துக்குள்ளிருந்து, பொடி எழுத்தில் எழுதிய துண்டுத் தாள்கள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஆனால் எதிர்ப்பக்கம் நின்று அதை வாங்கியது அன்றுதான்.

வெறுங்கையோடு திரும்பி வந்தபோது, அவள் மேசையில் உட்கார்ந்து புதுத் தாள்களில் எழுதிக்கொண்டிருந்தாள். தினம் தப்பு பண்ணியதால் கேள்விகள் பெரும்பாலும் ஞாபகம் இருந்தன. பதில்கள்தான் ஒன்றோடொன்று குழம்பின. அவர் எதிரில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வரை அவர் கேட்டார், அவள் சொன்னாள். அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அவள் "இது தெரியும், விடுங்க" என்றால், "தெரியும்னுதான் எல்லாரும் சொல்வாங்க, சொல்லு" என்பார். சரியாகச் சொன்னால் நம்பாமல், நாலு கேள்வி தள்ளி அதையே மாற்றிக் கேட்பார். தட்டுத்தடுமாறிச் சரியாகச் சொன்னாலும் "குருட்டாம்போக்குல சொன்ன" என்று தாளை மறுபடி அடியில் செருகுவார். எதையும் நம்பாத புத்தி ஒரு நாள் முழுக்க உருப்படியான வேலை செய்தது. நடுவில் ஒருமுறை அவள் ரொம்பக் கடினமான ஒன்றைச் சொல்லி முடித்ததும், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டியதும் அவள் எழுந்துவிட்டாள்.

"இன்னும் நாலு பாக்கி இருக்கே" என்றார்.

"தூங்கினாத்தான் இது உள்ள நிக்கும். நாலுக்காக நாப்பத விட முடியாது."

மறுநாள் காலை அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கையில் அனுமதிச் சீட்டு, ஒளி ஊடுருவும் பை, அதற்குள் இரண்டு பேனா, எழுதும் அட்டை. அவர் வழியனுப்ப வந்தார். நல்லா எழுது என்று சொல்லத்தான் வந்தார். அவள் அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். நிமிர்ந்தபோது அவர் அட்டையைப் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் செய்வது அவருக்கே தெரியவில்லை. கை அதுபாட்டுக்குச் செய்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"இல்லம்மா, நான் வந்து..."

"பரவால்ல, குடுங்க" என்று அட்டையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பட்ட வெட்கத்தை அவர் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

அவள் பாஸ் பண்ணிவிட்டாள். நல்ல மதிப்பெண். முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்; இப்போது கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, யாருக்கு எது ஆகாது என்று அவளே எடுத்துச் சொல்கிறாள். அண்ணன் வந்தபோது வாத்தியார் தானாகவே சொன்னார்: "போன வருஷம் நான் ஒரு ஜோக் சொன்னேனே, அது கேவலமான ஜோக்." அண்ணனுக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள். பிஸ்கட் டப்பாவையும் அவர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார்.

இதற்கு மேல்படிப்புக்கான தேர்வுக்கு அவள் படிக்க ஆரம்பித்திருக்கிறாள். இப்போது ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே மூன்று டப்பாக்களும் திறந்து கிடக்கின்றன, தாள்கள் பரப்பிக் கிடக்கின்றன. அவர் பள்ளியிலிருந்து வந்தால் டீ போட்டு எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போகிறார், கேள்வி கேட்கவா என்று கேட்பதற்காக.

அவர் நிழல் மேசையில் விழுந்ததும், அவள் இடது கை தாள்களை மூடுகிறது.

வேண்டுமென்று செய்வதில்லை. பார்த்தவுடனே எடுத்துவிடுகிறாள், "ஐயோ, பழக்கம்" என்கிறாள், டீயை வாங்கிக்கொள்கிறாள். ஆனால் முதல் நாள் அந்தக் கையைப் பார்த்ததும் அவர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் அறை அறையாக அவர் கிட்டே போனபோது தாளை மூடிய கைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எழுப்பி நிறுத்திச் சோதித்தும் ஒன்றும் கிடைக்காத பிள்ளைகள். கெட்டிக்காரர்கள் என்று அவர் முடிவு கட்டியவர்கள்.

பள்ளியில் அடுத்து வந்த தேர்வுக்கும் அவரைத்தான் காவலுக்குப் போட்டார்கள். அன்று அவர் ரப்பர் செருப்பைப் போடவில்லை. அடி தேய்ந்த பழைய தோல் செருப்பை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தூரத்திலேயே கேட்கிற மாதிரி செருப்புச் சத்தம் எழுப்பி நடந்தார்.